குருத்துச் செலவு

போன வருடத்து ரசீதில் ஒரே வரி:
ஓலை, ஒரு வேன், மூவாயிரம்.
கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
எண்ணெய்க் கறை.

ஏற்காட்டில் காப்பி காய்க்கும், மிளகு ஏறும்,
சில்வர் ஓக் காவலுக்கு நிற்கும்.
தென்னை பேருக்குத்தான்.
எங்கள் ஓசன்னா
இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி
கீழேயிருந்து வந்தாக வேண்டும்.

நான் பங்குப் பேரவையின் பொருளாளர்.
முப்பது வருடம் கணக்கு நடத்தி ஓய்ந்தவள்.
கறையைக் கூட்டலில் சேர்க்கத் தெரியாது.
மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில்
பஸ் பிடித்து
ஓமலூர் தாண்டி இறங்கினேன்.

மாரப்பன் மரத்தில் இருந்தார்.
வேன்காரர் எவ்வளவு கொடுத்தார் என்று கத்தினேன்.
மட்டைகளுக்கு நடுவிலிருந்து பதில் வந்தது:
"மரத்துக்குப் பதினஞ்சு.
விழுந்தா அதுவும் இல்ல."

இறங்கி வந்து, தலையில்லாத மரமொன்றைக் காட்டினார்.
"ஒரு குருத்து எடுத்தா தாங்கும்.
ஆள் அவசரத்துல மூணு எடுத்துட்டான்.
வெட்டுவாய் வழியா வண்டு இறங்கிடுச்சு."
அணைத்த பாஸ்கா திரிபோல் நின்றது அது.
அதன் ஓலையை நான் ஆட்டியிருக்கலாம்.
ஆட்டியிருப்பேன்.
இரண்டாம் வரிசை, நீலப் புடவை,
கண்ணில் தண்ணீர் வேறு.

பேரவையில் கூச்சல்.
"ஆண்டவர் பவனிக்குக் கஞ்சத்தனமா?" என்றார் சவரியப்பன்.
பிளாஸ்டிக் ஓலை வாங்கிவிடலாம்,
வருஷா வருஷம் கழுவிக்கொள்ளலாம்
என்றாள் டெய்சி ராணி.
சாமியார் இருமினார்.
சம்மதம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

நாற்பது மரம். மரத்துக்கு ஒரே குருத்து.
ஆளுக்கு ஒரு கீற்று, அதற்குமேல் கிடையாது.
எடுத்த மரத்தின் அடியில் சுண்ணாம்புக் கோடு,
அடுத்த வருடம்வரை யாரும் ஏறக் கூடாது.
வெட்டிய மட்டையிடுக்கில்
வேப்பம் புண்ணாக்கும் மணலும்.
மரத்துக்கு நூற்றிருபது,
அன்றைக்கே, அவர் கையிலேயே.

குருத்து ஞாயிறு.
ஐந்தடிக்கு முன்னால் தெரியாத பனி.
பாட்டு முன்னே போக, ஆட்கள் பின்னால் முளைத்தார்கள்.
கீற்றைப் பிளந்து சிலுவை மடிக்கும் விரல்களில்
பச்சை வாசம்.
ஒற்றைக் கீற்றைப் பிடித்தவர்கள்
என்னைப் பார்த்தபடி பிடித்தார்கள்.
பரவாயில்லை.

முதல் பஸ்ஸில் பணம் வாங்க வந்த மாரப்பன்
கேட்டோரம் நின்றார்.
மஃப்ளருக்குள்ளிருந்து சிரித்தார்.
சவரியப்பன் பேரன் இன்னாசி ஓடிப்போய்
முழுக் குருத்து ஒன்றை அவரிடம் நீட்டினான்.
வாங்கியவர் தலைகீழாகத் திருப்பினார்.
வெட்டிய முனையைக் கட்டைவிரலால் தடவினார்.
முகர்ந்தார்.

"டீச்சரம்மா, இது என் கை இல்ல.
நான் சாய்ச்சு வெட்டுவேன், தண்ணி நிக்கக் கூடாது.
இது நேரா வெட்டினது."

எண்ணினேன்.
கூட்டத்தின் பின்வரிசையில் தழைக்கத் தழைக்க
பதினொன்று.
சவரியப்பன் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நானும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.

வீட்டுக்கு வீடு படத்துக்குப் பின்னால் செருகுவார்கள்.
வருடம் முழுக்கக் காய்ந்து
சாம்பல் புதனுக்கு முன்
எல்லாம் ஒரே சட்டிக்கு வந்துசேரும்.
நெற்றிச் சாம்பலில்
சாய்வெட்டு எது நேர்வெட்டு எது
எவர் கண்டார்?

அதனால் இன்றிரவே எழுதுகிறேன்.
ஓலை, நாற்பது மரம், நாலாயிரத்து எண்ணூறு.
பெற்றுக்கொண்டேன்: கு. மாரப்பன்.
எழுத்து கூட்டி எழுதிய கையெழுத்து,
கறையில்லை.

அடுத்த வரி:
ஓலை, பதினொன்று.
மரம்:
ஏறியவர்:
கொடுத்த கூலி:

கீழே கோடு போட ஸ்கேலை எடுத்தேன்.
பேனாவை மூடிவைத்துவிட்டேன்.